நிரூபணம் சரியென்றால் மோட்டார் ஏன் அதிர்ந்தது? தகவமைப்புக் கட்டுப்பாட்டின் தாங்குதிறன்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறிய நேர்மின் மோட்டாரின் வேகத்தை, மாதிரியைப் பின்பற்றும் தகவமைப்புக் கட்டுப்பாட்டு முறையில் நிலைநிறுத்தியிருக்கிறீர்கள்; அதாவது, விரும்பும் நடத்தை கொண்ட ஒரு கணித மாதிரியோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கொண்டு கட்டுப்பாடு தன் எண்களைத் தானே மாற்றிக்கொள்ளும் முறை. பாடப்புத்தகத்தில் உள்ள லியாபுனோவ் நிரூபணத்தை (ஆற்றல் போன்ற ஒரு சார்பு நேரத்தோடு வளராது என்று காட்டி நிலைத்தன்மையை நிறுவுவது) வரிவரியாகச் சரிபார்த்தீர்கள். கணினியில் ஓட்டிப் பார்த்தபோது பிழை பூச்சியத்துக்குப் போயிற்று. ஆய்வகத்திலும் மோட்டார் முக்கால் மணி நேரம் அழகாக ஓடியது. பிறகு, நீங்கள் வேகத்தை மாற்றாமலேயே, திடீரென்று கிறீச்சிட்டு அதிரத் தொடங்கியது. நிரலில் தவறா, நிரூபணத்தில் தவறா, இல்லையென்றால் சிக்மா திருத்தம், செயலற்ற பட்டை, புரொஜெக்ஷன் ஆகிய மூன்றில் எதைச் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அடிப்படையில் நீங்கள் கேட்பது இதுதான்: நேரியல் அமைப்புக்கு நிலைத்தன்மை நிரூபிக்கப்பட்ட ஒரு தகவமைப்பு முறையை, உண்மையான இயந்திரத்தில் எவ்வளவு தூரம் நம்பலாம்?

நிரலில் தவறு இருக்க வாய்ப்பு குறைவு என்று நினைக்கிறேன். நிரூபணம் நிச்சயமாகச் சரி. ஆனால் அது உங்கள் மேசையில் இருக்கும் மோட்டாரைப் பற்றிய நிரூபணம் அல்ல. இரைச்சல் இல்லாத, தாமதம் இல்லாத, ஒரே ஒரு துருவம் (அமைப்பு எவ்வளவு வேகமாகத் தணிகிறது என்பதைக் குறிக்கும் எண்) மட்டுமே கொண்ட ஒரு கற்பனை மோட்டாரைப் பற்றியது. நான் சில ஆண்டுகள் பொறியியல் கல்லூரியில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு கற்பித்தேன். அதன் பிறகு நீண்ட காலம் வேதித் தொழிற்சாலைகளில் வெப்பநிலை, அழுத்தச் சுற்றுகளைச் சீர்செய்யும் வேலையில் இருந்தேன். விமானக் கட்டுப்பாட்டில் நேரடி அனுபவம் இல்லை. கீழே விமானம் பற்றிச் சொல்வது படித்தறிந்தது. மெதுவான சுற்றுகளில் சொல்வதற்குக் கை அனுபவமும் துணையாக இருக்கிறது.

தாங்குதிறன் என்று நான் சொல்வது, கணக்கில் சேர்க்காத ஒன்று குறுக்கே வந்தாலும் அமைப்பு குலையாமல் நிற்கும் தன்மையை. மாறாத கெயின் (குறிகையைப் பெருக்கும் எண்) கொண்ட கட்டுப்பாட்டில் இதை அளக்கப் பழகிவிட்டோம்: நிலைகுலையும் முன் கெயினும் அலையின் பின்தங்கலும் இன்னும் எவ்வளவு கூடலாம் என்பதை, கெயின் விளிம்பு, கட்ட விளிம்பு என்று எண்களாகவே சொல்கிறோம். தகவமைப்புக் கட்டுப்பாட்டில் அந்த வசதி இல்லை. உங்கள் மோட்டார் நேரியல் அமைப்பாக இருக்கலாம். ஆனால் அதன் கெயினைப் பிழையே மாற்றத் தொடங்கியதும், மோட்டாரும் கட்டுப்பாடும் சேர்ந்த முழுச் சுற்று நேரியல் தன்மையை இழந்துவிடுகிறது. ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் அமைப்பின் பதிலைக் காட்டும் போடே வரைபடம் ஒன்றை அதற்கு வரைந்து விளிம்பைப் படித்துவிட முடியாது. சிக்கல் முழுவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நிரூபணத்தில் வரும் லியாபுனோவ் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் வேகத்துக்கும் மாதிரியின் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கம் அதில் ஓர் உறுப்பு. கெயின்கள் சரியான மதிப்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதன் வர்க்கம் இன்னோர் உறுப்பு. இதை நேரத்தைப் பொறுத்து வகையிட்டால், சிக்கலான உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கடைசியில் மிஞ்சுவது பிழையின் வர்க்கம், எதிர்க்குறியுடன். வகுப்பில் எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிடும் இடம் இது. ஆனால் மிஞ்சிய உறுப்பில் கெயின் விலகல் இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பிழையைப் பூச்சியத்தை நோக்கி இழுக்க ஒரு விசை இருக்கிறது. கெயினைச் சரியான இடத்துக்கு இழுக்க எதுவும் இல்லை. சமதளத் தரையில் வைத்த கோலிக்குண்டு போல, வைத்த இடத்தில் நிற்கும். யாராவது ஊதினால் உருளும். ஊதிக்கொண்டே இருந்தால் உருண்டுகொண்டே போகும்.

ஊதுவது யார்? சிறிய இடையூறு ஒன்றைச் சேர்த்து அதே கணக்கைப் போடுங்கள். பிழையையும் இடையூறையும் பெருக்கிய ஓர் உறுப்பு புதிதாக வந்து உட்காரும். பிழை பெரிதாக இருக்கும்வரை அதன் வர்க்கம் வென்றுவிடும், கவலையில்லை. பிழை சிறுத்து, இடையூறின் அளவுக்கு வந்ததும் சார்பு குறைய வேண்டும் என்ற கட்டாயம் போய்விடுகிறது. அது வளரலாம். பிழை சிறியதாக இருக்கும்போதே சார்பு வளர வேண்டுமானால் வளரக்கூடிய ஒரே பகுதி கெயின்தான். ஆகவே கட்டுப்பாடு மிக நன்றாக நடப்பதுபோல் தோன்றும் வேளையில்தான் கெயின் நழுவத் தொடங்குகிறது. உங்கள் முக்கால் மணி நேர அமைதியின் உள்ளே நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கேட்கும் வேகம் பூச்சியம் என்று வைத்துக்கொள்வோம். மாதிரியின் வெளியீடும் பூச்சியம். எனவே அளந்த வேகமே பிழை. அளந்த வேகத்தைப் பெருக்கும் பின்னூட்டக் கெயின் மாறும் வீதம், தகவமைப்பு வேகமான காமாவை அளந்த வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. வர்க்கம் எதிர்மறையாகாது. ஆகவே கெயின் ஏறலாம், இறங்க வழியே இல்லை; ஒரு பக்கம் மட்டும் சுழலும் பல்சக்கரம் போல. உணரியில் வேகமான இரைச்சல் இருந்து அதன் சராசரி வர்க்கம் 0.01 என்றும், காமா 1 என்றும் கொண்டால், கெயின் நொடிக்கு 0.01 வீதம் ஏறும். 1இல் தொடங்கி 17ஐ எட்ட 1,600 நொடி, அதாவது 27 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 17 என்ற எண்ணை ஏன் எடுத்தேன் என்பதற்கு வருகிறேன்.

கேட்கும் வேகம் பூச்சியமாக இல்லாமல் மாறாத ஒரு மதிப்பாக இருந்தால் நிலைமை இன்னும் வஞ்சகமானது. இரைச்சல் பின்னூட்டக் கெயினை ஏற்றுகிறது. அதனால் வேகம் இம்மியளவு குறைகிறது. அதை ஈடுகட்ட, கேட்கும் வேகத்தைப் பெருக்கும் முன்னூட்டக் கெயினும் ஏறுகிறது. இரண்டும் கைகோத்துக்கொண்டு மேலே போகின்றன, வேகம் மட்டும் கேட்ட இடத்திலேயே நிற்கிறது. நான் போட்ட கணக்கின்படி ஏறும் வீதம் முந்தையதில் பாதி. அதே எண்களுக்கு 53 நிமிடம். உங்கள் மோட்டாரின் எண்கள் வேறாக இருக்கும் என்பதால் இந்த நேரத்தை உங்கள் முக்கால் மணியோடு பொருத்திப் பார்க்க வேண்டாம். வேகத்தை மட்டும் வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்தால் ஆபத்து வருவது தெரியவே தெரியாது என்பதுதான் முக்கியம்.

இப்போது அந்த 17. எம்.ஐ.டி.யில் முனைவர் ஆய்வு செய்துகொண்டிருந்த சார்லஸ் ரோர்ஸ், தம் ஆசிரியர்கள் லீனா வலவானி, மைக்கேல் அதான்ஸ், குந்தர் ஸ்டைன் ஆகியோருடன் சேர்ந்து 1982இல் ஓர் எடுத்துக்காட்டை முன்வைத்தார். முழுக் கட்டுரை 1985இல் வந்தது. இத்துறையில் இவ்வளவு சிறிய ஓர் எடுத்துக்காட்டு இவ்வளவு பெரிய கலக்கத்தை உண்டாக்கியதில்லை. வடிவமைப்பவருக்குத் தெரிந்த அமைப்பு மிக எளியது: நிலைக் கெயின் 2, கால மாறிலி ஒரு நொடி. பின்பற்ற வேண்டிய மாதிரியின் துருவம் மைனஸ் 3இல். பின்னூட்டக் கெயின் 1, முன்னூட்டக் கெயின் 1.5 என்று வைத்தால் கச்சிதமாகப் பொருந்திவிடும். வடிவமைப்பவருக்குத் தெரியாமல் உண்மையான அமைப்பில் இன்னும் இரண்டு துருவங்கள் ஒளிந்திருக்கின்றன. அவை மைனஸ் 15ஐ ஒட்டியவை, நன்றாக ஒடுக்கப்பட்டவை, முதன்மைத் துருவத்தைவிடப் பதினைந்து மடங்கு வேகமானவை. எந்தப் பொறியாளரும் இவற்றைப் புறக்கணித்திருப்பார். நானும் புறக்கணித்திருப்பேன்.

மறைந்திருக்கும் துருவங்களையும் சேர்த்து மூடிய சுற்றின் சிறப்புக் கோவையை (அதன் மூலங்களே சுற்றின் துருவங்கள்) எழுதினால் குணகங்கள் 1, 31, 259; கடைசி உறுப்பு 229உடன் பின்னூட்டக் கெயினின் 458 மடங்கைக் கூட்டியது. நிலைத்தன்மையைக் குணகங்களிலிருந்தே சோதிக்கும் ரவுத் விதியைப் போடுங்கள். 31ஐ 259ஆல் பெருக்கினால் 8,029. கடைசி உறுப்பு இதற்குள் இருக்க வேண்டும். ஆகவே கெயின் 17.03ஐத் தாண்டினால் சுற்று நிலைகுலையும். குலையும் அதிர்வெண் நொடிக்கு 16.1 ரேடியன். தெரிந்த எளிய அமைப்பில் கெயின் எவ்வளவு ஏறினாலும் ஆபத்தில்லை. உண்மையான அமைப்பில் 17இல் பள்ளத்தாக்கு. தேவைப்படும் கெயின் 1 மட்டுமே என்பதால் மாறாத கெயின் வைத்தவருக்குப் பதினேழு மடங்கு விளிம்பு இருக்கிறது, அவர் நிம்மதியாகத் தூங்கலாம். தகவமைப்பு விதியோ அந்த விளிம்பைத் தானே தின்றுவிடுகிறது. மாறாத உள்ளீட்டுடன், வெளியீட்டில் ஒரு சிறு சைன் அலை இடையூறு சேர்த்து அவர்கள் ஓட்டியபோது, முதலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கெயின்கள் மெல்ல ஊர்ந்தன. எல்லையைக் கடந்ததும் வெளியீடு வெடித்துச் சிதறியது. உங்கள் மோட்டார் சொன்ன அதே கதை.

அவர்களே தந்த இன்னொரு வழி: கேட்கும் உள்ளீட்டிலேயே 16.1 ரேடியன் அதிர்வெண் கொண்ட அலையைச் சேர்ப்பது. அந்த அதிர்வெண்ணில் உண்மையான அமைப்பின் கட்டம் (வெளியீட்டு அலை பின்தங்கும் கோணம்) சரியாக மைனஸ் 180 பாகை. மாதிரியின் கட்டமோ ஏறத்தாழ மைனஸ் 79. இரண்டே இரண்டு மெய்யெண் கெயின்களைத் திருப்பித் திருப்பி இந்தப் பொருத்தத்தை எட்டவே முடியாது. ஆனாலும் விதி முயன்றுகொண்டே இருக்கிறது, முயற்சியில் நிலையின்மைக்குள் போய்விடுகிறது. கட்டுப்பாட்டுக் கோட்பாட்டாளர் ஆஸ்ட்ரம் 1983இல் இந்த எடுத்துக்காட்டுகளை ஆராய்ந்து, உள்ளீட்டில் இருக்கும் அதிர்வெண்களே முடிவைத் தீர்மானிக்கின்றன என்று காட்டினார். மாறாத உள்ளீடு ஒன்றால் இரண்டு கெயின்களைத் தீர்மானிக்க முடியாது. மாதிரியே பொய்யாகிவிடும் அதிர்வெண்ணில் தூண்டினால் தவறான பாடத்தையே கற்கும். ரீடிலும் கோகோடோவிச்சும், வேகமான அசைவுகளின் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்ளும் சராசரியாக்கல் முறையில் இதைச் செறிவான விதியாக்கினார்கள்: தகவமைப்பு மெதுவாக நடந்து, தூண்டலின் ஆற்றல் பெரும்பகுதி மாதிரி உண்மையாக இருக்கும் தாழ் அதிர்வெண்களில் இருந்தால் சுற்று நிற்கும், உயர் அதிர்வெண்களில் இருந்தால் விழும். மெதுவான தகவமைப்புக்கு இது உறுதியான அறிவு.

அந்தக் காலச் சூழலையும் சொல்ல வேண்டும். 1980இல்தான் இருபது ஆண்டுத் தேடலுக்குப் பிறகு, பொதுவான நேரியல் அமைப்புகளுக்குத் தகவமைப்புக் கட்டுப்பாட்டின் நிலைத்தன்மை நிரூபணங்கள் வந்திருந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துப் பின்னாளில் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியரான நரேந்திரா, லின், வலவானி மூவரும் எழுதிய கட்டுரை அவற்றுள் ஒன்று. இரண்டே ஆண்டுகளில் வந்த எதிர் எடுத்துக்காட்டிலும் அதே வலவானியின் பெயர் இருப்பதை நான் ஒவ்வொரு முறையும் மதிப்போடு நினைத்துக்கொள்கிறேன். தாம் கட்டிய சுவரைத் தாமே தட்டிப் பார்க்கும் நேர்மை எல்லோருக்கும் வாய்க்காது. அதன் பிறகு வந்த பத்தாண்டுகளில்தான் தாங்குதிறனுள்ள தகவமைப்பு என்ற துறையே உருவாயிற்று.

கணிதத்துக்கு வெளியே இதன் விலையைக் காட்டும் நிகழ்ச்சி இதற்கும் முந்தையது. அமெரிக்காவின் எக்ஸ்-15 ஆய்வு விமானங்கள் அடர்ந்த காற்றிலிருந்து ஏறக்குறைய வெற்றிடம் வரை பறந்தவை; வால் பரப்பைத் திருப்பினால் கிடைக்கும் பலன் உயரத்துக்கு உயரம் பெரிதும் மாறும். மூன்றாவது விமானத்தில் எம்.எச்.-96 என்ற ஹனிவெல் தகவமைப்புக் கட்டுப்பாடு பொருத்தப்பட்டது. சுற்றில் ஒரு சிறு தன்னதிர்வு தோன்றும் வரை கெயினை ஏற்றுவது, அதிர்வு மிகுந்தால் இறக்குவது என்பதே அதன் கொள்கை. 1961 டிசம்பரில் நீல் ஆம்ஸ்ட்ராங் அதை முதலில் பறக்கவிட்டார். அறுபதுக்கும் மேற்பட்ட பறப்புகளில் அது பாராட்டும்படியே வேலை செய்தது. 1967 நவம்பர் 15 அன்று மைக்கேல் ஆடம்ஸ் 2,66,000 அடி உயரம் எட்டித் திரும்பும்போது விமானம் திசை விலகி, ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகத்தில் சுழலில் விழுந்தது. சுழலிலிருந்து அது மீண்டுவிட்டது என்பதுதான் நெஞ்சை அறுக்கும் செய்தி. மீண்ட பிறகு மேலும் கீழுமான அதிர்வு தொடங்கியது. காற்று அடர்த்தியான பகுதிக்கு வந்துகொண்டிருந்தபோதும் கெயின் இறங்கவில்லை. ஏறத்தாழ 62,000 அடியில் விமானம் உடைந்தது. ஆடம்ஸ் இறந்தார்.

இந்த விபத்துக்குத் தகவமைப்புக் கட்டுப்பாடே காரணம் என்று சிலர் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அது நியாயமல்ல. ஒரு சோதனைக் கருவியிலிருந்து வந்த மின் இடையூறு, விமானி கருவியை வேறு விதமாகப் படித்திருக்கக்கூடும் என்பது, அவருக்குத் தலைசுற்றல் இருந்திருக்கக்கூடும் என்பது எல்லாம் அந்தச் சங்கிலியில் உண்டு. கடைசிக் கண்ணியாகக் கெயின் உயரத்திலேயே நின்றுவிட்டது என்பது மட்டும் உறுதி. எம்.எச்.-96 உங்களுடைய விதி போன்றதும் அல்ல. அதை ரோர்ஸ் எடுத்துக்காட்டோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. வால் பரப்பை நகர்த்தும் இயக்கி தன் வேக வரம்பில் முட்டி நின்றபோது, கெயினை மாற்றும் பகுதி பார்த்துக்கொண்டிருந்த குறிகை பொருளிழந்துவிட்டது. கற்பதற்கு ஏற்ற தகவல் இல்லாத நேரத்திலும் கற்றல் விதி தன் வேலையைத் தொடர்ந்தது என்ற அளவில் மட்டும் இரண்டும் ஒன்றே.

நீங்கள் கேட்ட மூன்று மருந்துகளையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். பிழை எங்கிருந்து வந்தது என்று தகவமைப்பு விதிக்குத் தெரியாது. கெயின் தவறானதால் வந்த பிழையும், உணரியின் இரைச்சலால் வந்த பிழையும், மறைந்த துருவத்தால் வந்த பிழையும் அதற்கு ஒன்றே. எல்லாவற்றிலிருந்தும் கற்கும். எப்போது கற்கக் கூடாது, எதுவரை போகக் கூடாது என்று வெளியிலிருந்து நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

செயலற்ற பட்டை, எப்போது கற்கக் கூடாது என்பதை நேரடியாகவே சொல்கிறது: பிழை இன்ன அளவுக்குள் இருந்தால் கெயினைத் தொடாதே. நிரூபணம் ஓட்டையாகும் அதே இடத்தை அது அடைக்கிறது. இரைச்சலின் சராசரி அளவு 0.1 என்றால் பட்டையை 0.3 அளவில் வைக்கலாம். விலை என்னவென்றால், பிழை அந்தப் பட்டைக்குள் எங்கு வேண்டுமானாலும் நிற்கும், பூச்சியத்துக்குப் போகும் என்ற வாக்குறுதி போய்விடும். இடையூறின் உச்ச அளவும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். குறைத்து மதிப்பிட்டால் நழுவல் மெதுவாகத் தொடரும்.

சிக்மா திருத்தம் இயோவானுவும் கோகோடோவிச்சும் 1980களின் தொடக்கத்தில் தந்தது. கெயினைப் பூச்சியத்தை நோக்கி மெல்ல இழுக்கும் ஒரு கசிவை விதியில் சேர்ப்பது, அவ்வளவுதான். சமதளத் தரையைச் சற்றே குழியாக்குவதுபோல. இடையூறின் அளவு தெரிய வேண்டியதில்லை என்பது இதன் அழகு. மேலே சொன்ன பூச்சிய வேகக் கணக்கில், சிக்மா 0.005 என்று வைத்தால் கெயின் முடிவின்றி ஏறாமல், 0.01ஐ 0.005ஆல் வகுத்த 2இல் போய் நிற்கும். ஆனால் குழியின் அடி பூச்சியத்தில் இருக்கிறது, சரியான கெயினில் இல்லை. இடையூறே இல்லாத நாளிலும் பிழை முழுமையாகப் போகாது. தூண்டல் குறைந்து எல்லாம் அமைதியானால் கெயின் கசிந்து இறங்கும். உங்கள் மோட்டார் தானாகவே நிலையானது, மந்தமாகும், அவ்வளவே. தானாக நிலையற்ற ஓர் அமைப்பில் கெயின் தேவைக்குக் கீழே கசிந்ததும் வெளியீடு திடீரென்று துள்ளும், பிழை பெருகும், கெயின் மறுபடி ஏறும், மறுபடி அமைதி, மறுபடி கசிவு. இதைத் தவிர்க்க நரேந்திராவும் அனுராதா அண்ணசுவாமியும் 1987இல் கசிவைப் பிழையின் அளவோடு பெருக்கினார்கள். பிழை சிறுத்தால் கசிவும் சிறுக்கும். கசிவைப் பூச்சியத்தை நோக்கி அல்லாமல், உங்களுக்குத் தெரிந்த தோராயமான கெயினை நோக்கி வைப்பது அதைவிட எளிய வழி. ஏன் பலர் இதைச் செய்வதில்லை என்று எனக்கு இன்றும் வியப்பு.

புரொஜெக்ஷன், எதுவரை போகக் கூடாது என்பதைச் சொல்கிறது. கெயின் ஒரு வேலியைத் தொட்டால் வெளிப்பக்கம் நகரும் பகுதியை மட்டும் வெட்டிவிடுவது. ரோர்ஸ் அமைப்பில் வேலியை 5இல் போட்டால், 17.03 வரை மூன்று மடங்குக்கு மேல் இடம் மிஞ்சுகிறது. வேலிக்குள் எப்படி அலைந்தாலும் கெயினை எந்தப் புள்ளியில் நிறுத்திவைத்தாலும் சுற்று நிலையானது. நாய்க், குமார், யிட்ஸ்டி மூவரும் 1992இல், மறைந்த இயக்கவியல் (மறைந்த துருவங்கள் போன்றவை) சிறியதாக இருக்கும்வரை புரொஜெக்ஷன் ஒன்றே போதும் என்று நிரூபித்தார்கள். ஒரே ஒரு திருத்தம்தான் சேர்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சேர்ப்பேன். பொறியாளருக்குத் தன் இயந்திரத்தைப் பற்றித் தெரிந்ததை நேரடியாக எழுதிவைக்கும் இடம் இது ஒன்றுதான். ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு புள்ளியிலும் நிலையானது என்பதால், வேகமாக மாறிக்கொண்டிருக்கும்போதும் நிலையானது என்று ஆகிவிடாது. காமாவைக் குறைவாகவே வைத்திருங்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் மருந்து தொடர்தூண்டல். உள்ளீட்டில் போதுமான, சரியான அதிர்வெண்கள் எப்போதும் இருந்தால் சமதளத் தரை தானாகவே குழியாகிவிடும். கெயின்கள் அடுக்குக்குறி வேகத்தில் சரியான இடத்துக்கு வரும். சிறு இடையூறுக்குச் சிறு விலகல்தான் ஏற்படும். இரண்டு கெயினுக்கு, மாதிரியின் அலைவரிசைக்குள் (அது பின்பற்றக்கூடிய அதிர்வெண்களுக்குள்) ஒரு சைன் அலை போதும். கோட்பாட்டில் இதற்கு ஈடு இல்லை. தொழிற்சாலையில் இதைக் கேட்டால் மேற்பார்வையாளர் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார். ஓடிக்கொண்டிருக்கும் உலையை வேண்டுமென்றே ஆட்டிக்கொண்டிருக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

அந்தத் தூண்டல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு வேதிக் கலனில் கற்றேன். தன்னைத்தானே சீர்செய்யும் வெப்பநிலைக் கட்டுப்பாடு அது. 30 நொடிக்கு ஒருமுறை அளவெடுத்து, மறதிக் காரணி (பழைய அளவுகளின் எடையைப் படிப்படியாகக் குறைக்கும் எண்) 0.98 வைத்து, மீச்சிறு வர்க்க முறையில் அளபுருக்களை மதிப்பிடும்படி நான்தான் அமைத்திருந்தேன். இரவுப் பணிநேரம் முழுதும் வெப்பநிலை ஒரு கோடு போல நின்றது. புதிய தகவல் வராத திசையில், மதிப்பீட்டின் ஐயத்தைக் குறிக்கும் உடன்மாறுபாட்டு அணி ஒவ்வோர் அளவுக்கும் 0.98ஆல் வகுபட்டு வளர்ந்துகொண்டே இருக்கும். 500 அளவுகளில், அதாவது நான்கு மணி பத்து நிமிடத்தில், ஏறத்தாழ 24,000 மடங்கு. விடியற்காலையில் மூலப்பொருள் தொட்டியை மாற்றியதும் வந்த அற்பமான அசைவை அந்த 24,000 பெருக்கியது. நீராவி வால்வு முழுவதும் திறந்து, முழுவதும் மூடி, மறுபடி திறந்தது. பணியாளர் ஒருவர் உடனே கைமுறைக்கு மாற்றியதால் கலன் தப்பியது. அன்று அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். பிரையன் ஆண்டர்சன் 1985இல் விளக்கிய திடீர் வெடிப்புக்கு இது உறவுக்காரன். அதன் பிறகு நான் அமைத்த ஒவ்வொரு சுற்றிலும், வெளியீடு அசையாதபோது மதிப்பீட்டை முழுவதுமாக நிறுத்திவிடும் ஒரு வரி இருந்தது. வால்வு முழுத் திறப்பிலோ முழு மூடலிலோ முட்டி நிற்கும்போது நிறுத்தும் இன்னொரு வரியும் இருந்தது.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை உறுதியானவை. இனி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. தாங்குதிறன் தேற்றங்கள் பெரும்பாலும் இப்படி முடியும்: மறைந்த இயக்கவியல் ஒரு குறிப்பிட்ட அளவைவிடச் சிறியதாக இருந்தால் எல்லாக் குறிகைகளும் வரம்புக்குள் இருக்கும். அந்த அளவு உண்டு என்று தேற்றம் சொல்கிறது. உங்கள் மோட்டாருக்கு அது எவ்வளவு என்று கணக்கிட்டால் பயன்படுத்த முடியாத அளவுக்குச் சிறிய எண் வரும். உண்மையில் அமைப்பு அதைவிட எத்தனையோ மடங்கு தாங்கும், ஆனால் எத்தனை மடங்கு என்று தேற்றம் சொல்லாது. வரம்புக்குள் என்பதும் நல்ல செயல்பாடு என்பதும் ஒன்றல்ல. நடுவில் ஒருமுறை பயங்கரமாகத் துள்ளிவிட்டு அடங்குவதும் வரம்புக்குட்பட்டதே.

தகவமைப்பின் வேகம் இன்னொரு சர்ச்சைக்குரிய இடம். வழக்கமான முறையில் காமாவை ஏற்ற ஏற்றச் சுற்று தாங்கும் காலத் தாமதம் சுருங்குகிறது, இதில் ஐயமில்லை. வேகமான தகவமைப்பையும் தாங்குதிறனையும் ஒரு தாழ்வடிகட்டி கொண்டு பிரித்துவிடலாம் என்று ஹோவாகிம்யானும் காவோவும் எல்-1 தகவமைப்பு முறையை முன்வைத்தார்கள். நாசாவின் சிறிய அளவு ஆளில்லா விமானத்தில் அது பறந்தும் காட்டியது. இயோவானு, அண்ணசுவாமி, நரேந்திரா உள்ளிட்டோர் 2014இல் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள்: வேகம் எல்லை கடந்தால், அடிப்படை நிலைகளில் அது மாறாத கெயின் கொண்ட ஒரு நேரியல் கட்டுப்பாட்டைப் போலவே ஆகிவிடுகிறது என்பது வாதம். அந்த விமர்சனத்தில் எனக்கு நாட்டம் உண்டு. ஆனால் பறந்து காட்டியதையும் ஒதுக்க மனம் வரவில்லை. வேகமான இயந்திரங்களில் வேலை செய்தவர்கள் சொல்வதை இந்த இடத்தில் என்னைவிட அதிகம் நம்புங்கள்.

உங்களுக்கு என் யோசனை: முதலில் தகவமைப்பை நிறுத்திவிட்டு, மாறாத கெயினைப் படிப்படியாக உயர்த்தி மோட்டார் எந்தக் கெயினில் அதிரத் தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். உங்களுடைய 17 அதுதான். டிரைவரின் மின்னோட்டச் சுற்று, இணைப்பின் முறுக்கம், என்கோடர் வடிகட்டி, கணினியின் மாதிரியெடுப்புத் தாமதம் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கும். தனித்தனியாகத் தேட வேண்டியதில்லை. அதில் மூன்றில் ஒரு பங்கில் புரொஜெக்ஷன் வேலியைப் போடுங்கள். பிறகு செயலற்ற பட்டை. கேட்கும் உள்ளீட்டை மாதிரியின் அலைவரிசைக்கு மேல் போகாதபடி வடிகட்டுங்கள். பெரிய குறிகைகள் வரும்போது தகவமைப்பு தானாகவே வேகமெடுக்காமல் இருக்க, விதியை, ஒன்றுடன் குறிகையின் வர்க்கத்தைக் கூட்டிய அளவால் வகுத்து இயல்பாக்குங்கள். மின்னழுத்தம் வரம்பில் முட்டும்போது கற்றலை நிறுத்துங்கள். இவ்வளவையும் செய்த பின், மோட்டாரின் சுமை உண்மையில் மாறுகிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மாறவில்லை என்றால் தொடக்கத்தில் ஒருமுறை தானாகச் சீர்செய்து, கெயினைப் பூட்டிவிடுவதே போதும். ஆஸ்ட்ரமும் ஹெக்லுண்டும் 1984இல் தந்த ரிலே முறை (உள்ளீட்டை இரு மதிப்புகளுக்கிடையே மாற்றிச் சிறு அதிர்வை உண்டாக்கி, அதிலிருந்து கெயினைக் கணக்கிடுவது) இதற்காகவே வந்தது. நான் பார்த்த தொழிற்சாலைகளில் தொடர்ந்து தகவமைக்கும் சுற்றுகளைவிட அதுதான் நீடித்து நின்றது.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு பதிவு எடுத்துவிடுங்கள். பழைய நிரலையே, கேட்கும் வேகம் மாறாமல், இருபது நிமிடம் ஓட்டி, வேகத்தோடு இரண்டு கெயின்களையும் நேரத்துக்கு எதிராக வரையுங்கள். இரண்டும் ஒன்றாக, நேர்கோட்டில் ஏறினால் நழுவல்தான். உணரியின் இரைச்சலைத் தனியாக அளந்து, அதன் சராசரி வர்க்கத்தைக் காமாவால் பெருக்கிப் பாருங்கள். பின்னூட்டக் கெயின் ஏறும் சரிவு அதே அளவு வரிசையில் இருந்தால் காரணம் உறுதியாகிவிடும். நேர்கோடாக இல்லாமல் படிக்கட்டாக ஏறினால், மோட்டாரில் உராய்வு ஒட்டி ஒட்டி விடுகிறது என்று பொருள். அப்போது மேலே சொன்ன பட்டையின் அகலத்தை இரைச்சலை வைத்து அல்ல, அந்தப் படிகளின்போது பிழை எவ்வளவு எழுகிறது என்பதை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். அந்த வரைபடத்தை எடுத்ததும் எண்களோடு எழுதுங்கள்.